உத்தேசக் கணக்கும் நம் குழந்தைகளும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். கூலிப் பட்டியலில் கையொப்பமிட வந்த அங்கத்தினரான அம்மையாருடன், ஐந்தாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகளும் வந்திருந்தாள். ரூ.486, ரூ.512, ரூ.298, ரூ.705 என நான்கு தொகைகள் எழுதப்பட்டு, மொத்தம் ரூ.1,901 எனக் கண்டிருந்தது. அம்மையார் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். சிறுமியோ, "ஐந்நூறு, ஐந்நூறு, முந்நூறு, எழுநூறு, இரண்டாயிரம் வரவேண்டுமே, அம்மா!" என்றாள். எழுத்தர் மீண்டும் கூட்டினார், ரூ.2,001 வந்தது. நூறின் இடத்திற்கு இரண்டை ஏற்றுவதற்குப் பதிலாக ஒன்றை ஏற்றியிருந்தார். வேண்டுமென்று செய்த தவறன்று. ஆயினும் அந்த நூறு ரூபாய் தறியில் உழைத்த கூலியல்லவா?

அச்சிறுமி செய்ததே உத்தேசக் கணக்கு. ஓர் எண்ணை அதற்கு அண்மையிலுள்ள பத்தாகவோ நூறாகவோ மாற்றிக்கொண்டு மனத்திலேயே கூட்டுவது. இதனைக் குழந்தைக்குக் காட்ட ஒரு நூற்கயிறு போதும். ஒரு முனையை 40 என்றும் மறுமுனையை 50 என்றும் வைத்து, 47 எங்கே நிற்கும் என்று கேட்கலாம். 50-க்கு அருகில் என்பதைக் குழந்தை தானே சொல்லிவிடும். சரிநடுவில் நிற்கும் 45-ஐ மேலே கொள்வது வழக்கம். அது நாம் செய்துகொண்ட ஓர் ஏற்பாடேயன்றி இயற்கை விதியன்று என்பதையும் சொல்லிவிடுதல் நலம். ஏனெனில் 15, 25, 35, 45 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 120. ஒவ்வொன்றையும் மேலே கொண்டாலோ 140 ஆகிவிடுகிறது.

உண்மையை உரைப்பதாயின், மேற்சொன்ன சிறுமிக்குச் சிறிது நல்வாய்ப்பும் துணைநின்றது. நூறுகளாக மாற்றும்போது ஒவ்வோர் எண்ணிலும் 50 வரை வேறுபாடு நேரலாம். நான்கு எண்களில் 200 வரை போகலாம். ஆதலின் ரூ.1,901 பிழையென்பது அதனால் மட்டும் உறுதியாகாது. பத்துகளாக மாற்றினால் 490, 510, 300, 710, மொத்தம் 2,010. இங்கு வேறுபாடு 20-க்கு மேல் போகவியலாது. 1,901 உடனே பிடிபட்டுவிடும். எவ்வளவு பெரிய பிழையைப் பிடிக்க விரும்புகிறோமோ அதற்கேற்ற இடத்தில் எண்ணை மாற்றவேண்டும். ஒரு ரூபாய்ப் பிழையை இம்முறை காட்டாது. அதற்கு முழுக்கணக்கே வேண்டும்.

பெருக்கலில் இன்னும் கவனம் தேவை. தார் ஒன்றுக்கு ரூ.265 வீதம் 37 வாழைத்தார்களை விற்பதாகக் கொள்வோம். இரண்டையும் மேலே ஏற்றி 40-ஐ 270-ஆல் பெருக்கினால் ரூ.10,800 வரும். ஒன்றை ஏற்றி மற்றொன்றை இறக்கி, 40-ஐ 250-ஆல் பெருக்கினால் ரூ.10,000. சரியான விடை ரூ.9,805. ஒன்றில் ஏறியது மற்றொன்றில் இறங்கி ஈடாகிறது.

குழந்தைகளிடம் ஒரு தந்திரத்தையும் கண்டிருக்கிறோம். முதலில் முழுக்கணக்கையும் போட்டு விடை கண்டபின், அதனை முழுப்பத்தாக மாற்றி "உத்தேசம்" என்று எழுதிவிடுகின்றனர்! ஒரே விடைதான் சரியென்று கண்டித்துப் பழக்கிய பெரியவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரு குழந்தை 2,000 என்றும் மற்றொன்று 2,010 என்றும் சொன்னால் இரண்டையும் ஏற்று, எவ்வாறு வந்தது என்று மட்டும் கேட்கவேண்டும். பென்சிலைக் கீழே வைக்கச் செய்து வாய்மொழியாகக் கேட்பதே உத்தமம்.

மளிகைக் கடைக்கு உடனழைத்துச் செல்லும்போது, பில் வருவதற்கு முன்பே தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே மட்டும் எல்லா விலையையும் மேலேயே ஏற்றட்டும். கையிலுள்ள பணம் போதுமா என்பதல்லவா கேள்வி? விளைச்சலால் வரக்கூடிய பணத்தை மதிக்கும்போது கீழேயே இறக்கட்டும்.