சிறைக்கணக்கில் வராத செலவு



இந்த நினைவுச் சொற்பொழிவில் சிறையைப் பற்றிப் பேசலாம் என்று நாங்கள் முடிவெடுத்தபோது, சிறைக்குள் நடப்பதைப் பற்றியே பேசப் போகிறோம் என்று பலர் நினைத்தார்கள். சிறைக்குள் நடப்பது முக்கியம்தான். ஆனால் இன்று நாம் பேச வேண்டியது சிறைக்கு வெளியே, நம் தெருவில் நடப்பதைப் பற்றி. ஒருவர் உள்ளே போகும்போது அவருடைய தெரு என்ன இழக்கிறது? அவர் திரும்பி வரும்போது எதற்குத் திரும்பி வருகிறார்? இவையே இன்றைய கேள்விகள்.

2021இல் வெளிவந்த, த.செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' படத்தின் தொடக்கக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். சிறையிலிருந்து விடுதலையாகி வெளியே வருகிறவர்களிடம் வாசலிலேயே சாதி கேட்கப்படுகிறது. ஆதிக்கச் சாதியைச் சொன்னவர் வீட்டுக்குப் போகிறார். மற்றவர்களை ஓரமாக நிற்கவைத்து, முடிக்கப்படாத வழக்குகளில் சேர்க்கக் காவலர்கள் பிரித்துக்கொண்டு போகிறார்கள். அவரை அழைத்துப்போக வந்த குடும்பமும் அதே வாசலில் நிற்கிறது. நம்மில் பலர் அந்தக் காட்சியில் காவலர்களைப் பார்த்தோம். இன்று அந்தக் குடும்பத்தைப் பார்ப்போம்.

ஒரு வரைபடம்

அமெரிக்காவில் எரிக் கடோரா என்ற ஆய்வாளரும், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைஞர் லாரா குர்கனும் ஒரு வரைபடம் தயாரித்தார்கள். காவல்துறை வழக்கமாக வரைவது குற்றம் நடந்த இடங்களின் வரைபடம். இவர்கள் சிறையில் இருப்பவர்களின் வீட்டு முகவரிகளை வைத்து வரைந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கறுப்பின ஏழை மக்கள் வாழும் பிரவுன்ஸ்வில்லில், 17 தெருத்தொகுதிகளிலிருந்து 109 பேரைச் சிறையில் வைக்க 2003ஆம் ஆண்டில் 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவானது என்று அந்த வரைபடம் காட்டியது. அத்தகைய இடங்களுக்கு 'மில்லியன் டாலர் தெருக்கள்' என்று பெயரே வந்தது.

குற்றம் நகரமெங்கும் சிதறிக் கிடக்கிறது. சிறைக்குப் போகிறவர்களோ ஒருசில தெருக்களிலிருந்தே போகிறார்கள், அதே தெருக்களுக்கே திரும்புகிறார்கள். அந்தத் தெருக்களுக்காக அரசு பெரும் பணம் செலவிடுகிறது. ஆனால் அது பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ வருவதில்லை, தொலைவில் உள்ள சிறைக்குப் போகிறது. இதுவே அந்த வரைபடம் கற்றுத் தந்த பாடம். இந்தப் பணத்தைத் தெருவுக்கே திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையும் அங்கே எழுந்தது. ஆனால் பல இடங்களில் மிச்சமான பணம் காவலுக்கும் கண்காணிப்புக்குமே போனது என்ற விமர்சனமும் உண்டு.

நம்மிடம் அப்படி ஒரு வரைபடம் இல்லை. ஆனால் அதை வரையத் தேவையானவற்றில் பாதி நம் கையில் இருக்கிறது.

யார் உள்ளே இருக்கிறார்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூன்று பேர் குற்றவாளி என்று இன்னும் எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் நாட்டின் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு. சிறையிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். சிறைவாசிகளில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்.

இதில் தடுப்புக் காவலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விசாரணையே இல்லாமல் ஒருவரை 12 மாதம்வரை அடைத்துவைக்கலாம். இப்படி அடைக்கப்படுவோரின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்னணியில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டால் பல ஆணைகள் ரத்தாகின்றன. ஆனால் அதற்குள் பல மாதங்கள் போய்விடுகின்றன. போன மாதங்களுக்கு யாரும் ஈடு தருவதில்லை.

பட்டா இல்லாதவருக்கு ஜாமீன் இல்லை

நம் மக்கள் ஏன் நீண்ட நாள் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்கு விடை பெரும்பாலும் குற்றத்தின் கடுமையில் இல்லை. ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். வீட்டு வரி ரசீது, சொத்து ஆவணம், தாசில்தாரின் சொத்து மதிப்புச் சான்று என்று கேட்கிறார்கள். புறம்போக்கில் குடியிருப்பவரிடம் என்ன ஆவணம் இருக்கும்?

இங்கே ஒரு பழைய வரலாற்றை நினைவுபடுத்த வேண்டும். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடிக்கொண்டிருப்பது அந்த நிலத்துக்காகத்தான். அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. நிலம் பறிபோனது நிலத்தோடு முடிந்துவிடவில்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகி, அந்தக் குடும்பத்துப் பேரன் ஜாமீன் கேட்டு நிற்கும்போது, பட்டா இல்லாத காரணத்தால் சிறைக்குள்ளேயே இருக்கிறான். நிலமின்மை இப்படித்தான் சிறைவாசமாக மாறுகிறது.

உச்ச நீதிமன்றம் இதை 1978லேயே கண்டது. மோத்திராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் வழங்க உத்தரவான பிறகு, கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அவருடைய சகோதரர் ஜாமீன்தாரராக வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி மறுத்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் சொன்னார். தீர்ப்பு வந்து 45 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்த வேண்டாம் என்று 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது யாருடைய சொந்தக் கதையும் அல்ல, நாமே வைத்துக்கொள்ளும் எண்கள்தான். விழுப்புரம் பக்கத்துக் காலனியில் ஒரு குடும்பம். கணவர் பெயின்ட் அடிக்கிறவர். வேலையுள்ள நாளில் 800 ரூபாய், மாதம் 20 நாள் வேலை. ஊர்க்காரர்களோடு ஒரு தகராறு. நம் ஆட்கள் பி.சி.ஆர். வழக்குக் கொடுக்கிறார்கள். மறுநாளே எதிர்வழக்கு வருகிறது. அவர் ரிமாண்டாகி, கடலூர் கேப்பர் மலைச் சிறையில் மூன்று மாதம் இருக்கிறார்.

இழந்த கூலி 48,000 ரூபாய். மனைவி மாதம் இரண்டு முறை மனுப் போட்டுப் பார்க்கப் போகிறார். ஒரு நாள் கூலி 400 வீதம் ஆறு நாளுக்கு 2,400, பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் 1,200. வக்கீலுக்கும் ஜாமீன்தாரர்களைத் திரட்டவும் 20,000. அது மூன்று வட்டிக்கு வாங்கிய கடன், மூன்று மாத வட்டி 1,800. வெளியே வருவது கண்டிஷன் பெயிலில். தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பெயின்ட் வேலைக்கு எட்டு மணிக்கே போக வேண்டும். பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவரை எந்த மேஸ்திரியும் சேர்த்துக்கொள்ள மாட்டார். அந்தக் கையெழுத்து 25 வேலைநாளைத் தின்றால் இன்னும் 20,000. மொத்தம் 93,400 ரூபாய்.

ஒரே தெருவில் இப்படிப் பத்துக் குடும்பம் இருந்தால் 9 லட்சத்து 34 ஆயிரம். இந்தத் தொகை அரசின் எந்த வரவுசெலவுக் கணக்கிலும் வராது. அடகுக்கடையிலும் குழுக்கடன் அட்டையிலும்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. குழுக்கடனில் ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே ஒருவரின் சிறைவாசம் அடுத்த வீட்டுப் பெண்ணின் கையிருப்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன மூத்த பிள்ளையின் கணக்கை எந்த எண்ணில் எழுதுவது?

வாக்குரிமையும் இழப்புதான். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவுப்படி, சிறையில் இருப்பவர் விசாரணைக் கைதியே ஆனாலும் வாக்களிக்க முடியாது. ஒருவருக்கு ஒரு வாக்கு, அதற்கு ஒரே மதிப்பு என்று அம்பேத்கர் பேசிய உரிமை, ஜாமீன்தாரர் கிடைக்காத ஒரே காரணத்தால் பறிபோகிறது.

திரும்பி வருதல்

திரும்பி வருகிறவருக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் காவல் நிலையத்தின் பதிவேடு. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குறவர், பிரமலைக் கள்ளர் முதலான சமூகங்களின் ரேகையைப் பதிவு செய்து, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராகச் சொன்னார்கள். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் சுடப்பட்டு மாண்டார்கள். 1948இல் வெளிவந்த தீண்டாமையின் தோற்றம் பற்றிய நூலின் முன்னுரையில், குற்றப் பரம்பரையினர், பழங்குடிகள், தீண்டப்படாதோர் ஆகிய மூவரையும் ஒரே சமூக அமைப்பின் விளைவாக அம்பேத்கர் சேர்த்தே பார்த்தார். அந்தச் சட்டம் ஒழிந்தது. வழக்கக் குற்றவாளிகள் சட்டங்களும் சரித்திரப் பதிவேடும் இருக்கின்றன. விளிம்புநிலைச் சமூகத்தில் பிறந்ததற்காகவே யார் பெயரையும் சரித்திரப் பதிவேட்டில் சேர்க்கக் கூடாது என்று 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பை நீங்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். சாதி பார்த்துச் சமையலையும் துப்புரவையும் பிரித்துக் கொடுத்த சிறைக் கையேட்டு விதிகளை அது செல்லாதவை என்றது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான பத்தியை நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனியே அடைத்துவைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. மோதலைத் தவிர்க்கத்தான் என்ற அரசின் விளக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரும் சேரியும் சிறைக்குள் மறுபடி கட்டப்பட்டால், அங்கிருந்து திருந்தி வா என்று யாரிடம் சொல்வது?

நாம் செய்ய வேண்டியவை

ஒரு கேள்வி நம்மிடையே எழும். வன்கொடுமை செய்தவரைக் கைது செய் என்று போராடுகிற நாம், சிறையின் செலவைப் பற்றிப் பேசலாமா? பேசலாம், பேசவும் வேண்டும். கொடுமை செய்தவருக்குத் தண்டனை கேட்பதை நாம் விடப்போவதில்லை. தீர்ப்பே வராத மக்களைத் தண்டிப்பதைத்தான் எதிர்க்கிறோம். சொத்துள்ளவர் அன்றே ஜாமீனில் போகிறார், எதிர்வழக்கில் சிக்கிய நம் ஆள் உள்ளே இருக்கிறார் என்றால், நம் வழக்கில் சாட்சி சொல்ல யார் மிஞ்சுவார்கள்? இந்தச் செலவுக்குப் பயந்துதான் பல வழக்குகள் சமரசத்தில் முடிகின்றன.

மறுவாழ்வு என்பது விடுதலை நாளில் தொடங்குவதல்ல. ரிமாண்ட் நாளிலேயே தொடங்க வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. இவர்கள் வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை. 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. அந்த நாளை யாராவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கும் அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கும் உதவ 2023 முதல் ஒன்றிய அரசின் திட்டம் உள்ளது; தொடங்கியபோது அதன் வரம்பு முறையே 40,000 ரூபாய், 25,000 ரூபாய்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும், மற்றவர் பாதியைக் கழித்திருந்தால். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. ஆனால் ஒருவர்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது. ஒரே ஆள்மேல் வழக்குக்குமேல் வழக்குப் போடும் இடங்களில் இது யாரைப் பாதிக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. இதை மாற்றக் கோர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் தெருவின் கணக்கை எழுதுங்கள். எத்தனை வீடு, எத்தனை கைது, எத்தனை நாள் உள்ளே, எவ்வளவு கடன், எத்தனை பிள்ளை படிப்பை நிறுத்தியது, எத்தனை வழக்கு விடுதலையில் முடிந்தது. பெயர் எழுதாதீர்கள், யாரையும் அடையாளம் காட்டாதீர்கள். காவல் நிலையத்தின் பதிவேடு நம்மைக் குற்றவாளிகளாக எழுதி வைத்திருக்கிறது. நாம் எழுதும் கணக்கில் நாம் கடன்காரர்கள் அல்ல, நமக்கு வர வேண்டியது ஏராளம்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று. ஒருவர் விடுதலையாகும் நாளில் சிறைவாசலில் இருவர் நில்லுங்கள், ஒருவர் வழக்கறிஞராக இருந்தால் நல்லது. பேருந்துக் கட்டணம் கொண்டுபோங்கள். அடுத்த வாரம் அவருடைய ரேஷன் கார்டும் ஆதாரும் சரியாக இருக்கின்றனவா, கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் பதிவு காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். கையெழுத்துப் போடும் நேரத்தை மாற்றித் தரச் சொல்லி நீதிமன்றத்தில் மனுக் கொடுங்கள். காலை எட்டு மணிக்கு அவர் வேலைக்குப் போக முடிந்தால், அந்த வீட்டின் பாதிக் கடன் அடையும்.