தாய்க்கோழி இல்லாத குஞ்சுகள்

ஒசூரைக் கடந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லைக்குள் முதலில் எதிர்ப்படும் ஊர்களுள் ஒன்று அத்திபெலே. பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. வீட்டின் பின்புறம் சிறிது இடம் வாய்த்துவிட்டால், நாலு கோழி வளர்க்கலாமே என்னும் ஆசை நமக்கு எழுவது இயல்பு. கோழியைக் கன்னடத்தார் 'கோளி' என்பர். குஞ்சினை 'மரி' என்பர். ஆகவே குஞ்சு வாங்குவதற்கு மொழி ஒரு தடையன்று. வாங்கிய குஞ்சுகளைப் பிழைக்க வைப்பதுதான் பாடு.

நம் ஊரில் அடைக்கோழி 21 நாள் அவயம் காத்துக் குஞ்சு பொரிக்கும்; பின்னர் அதுவே சிறகுக்குள் அணைத்து வளர்த்துவிடும். நமக்கு அதில் வேலையே இல்லை. ஆனால் இங்கு நாம் வாங்கும் குஞ்சுகளோ பொறியில் பொரித்தவை. பெங்களூர் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவாக்கப்பெற்ற 'கிரிராஜா' இனக் குஞ்சுகளும் அத்தகையனவே. கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். மெல்லிய பூமயிர் மட்டுமே போர்த்த குஞ்சு, இறகு முளைக்கும்வரை தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. அச்சூட்டை நாம்தான் தருதல் வேண்டும்.

இதனை நாம் நட்டப்பட்டே அறிந்தோம். ஒரு மார்கழியில் 30 குஞ்சுகள் வாங்கி, பின்கட்டில் ஒரு மரப்பெட்டியில் விட்டு, மேலே ஒரு மின்விளக்கைத் தொங்கவிட்டோம். நள்ளிரவில் மின்சாரம் நின்றது. விடியற்காலையில் பார்த்தபோது, பெட்டியின் ஒரு மூலையில் 11 குஞ்சுகள் மடிந்து கிடந்தன. நோய் என்றனர் அண்டை வீட்டார். நோயன்று. குளிருக்கு அஞ்சி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதில், அடியிலிருந்தவை மூச்சு முட்டி இறந்தன. மூலை இல்லாதிருந்தால் பாதியேனும் பிழைத்திருக்கும்.

ஆகையால் வெப்பக்கூடு வட்டமாக இருத்தலே நன்று. ஒன்றரை அடி உயரமுள்ள தகரத்தையோ கெட்டியான அட்டையையோ வளைத்து நிறுத்தலாம். குஞ்சு ஒன்றுக்கு அரைச் சதுர அடி இடம் வேண்டும். நடுவே ஒரு மூங்கிற்கூடையைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, அதனுள் விளக்கை அமைத்தால் சூடு சிதறாது. 30 குஞ்சுகளுக்கு 60 வாட் குண்டு விளக்கு போதும். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிச் சூடு தராது. அதை நம்பி ஏமாறலாகாது. முதல் வாரம் கூடையின் அடியில் 35 டிகிரி இருக்கவேண்டும். பின்னர் வாரந்தோறும் மூன்று டிகிரி குறைத்து வரலாம்.

வெப்பமானி இல்லையே எனக் கவலற்க. குஞ்சுகளே வெப்பமானி. விளக்கடியில் நெருங்கிக் கத்தினால் குளிர். விலகி ஓடி வாயைத் திறந்து இளைத்தால் மிகைச்சூடு. ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. பரவலாகப் படுத்துறங்கினால் நாமும் உறங்கலாம்.

சென்னையில் ஒருவர் சொன்ன கணக்கு இங்குச் செல்லாது. அத்திபெலே கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. தையிலும் மார்கழியிலும் இரவு 15 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். வெளியில் வைக்கும் கூட்டிற்கு மழை படாத கூரையும், காற்று வரும் பக்கம் சாக்குத் திரையும் இன்றியமையாதவை. ஆனால் மேற்புறம் காற்றோட்டத்தை அடைத்துவிடலாகாது. மின்சாரம் நிற்கும் இரவிற்கென, அடுப்பில் சுட்ட செங்கற்களைச் சாக்கில் சுற்றி வைக்கலாம். மூடிய கூட்டினுள் கரிக் குமுட்டி வைப்பது கொலைக்கு ஒப்பாகும். அதன் நச்சுவாயு குஞ்சை மட்டுமன்றி, அருகில் உறங்கும் மனிதரையும் மாய்க்கும்.

தரையில் இரண்டு அங்குலம் உமி பரப்பி, முதல் சில நாட்கள் அதன்மேல் செய்தித்தாள் விரிக்கவேண்டும். இல்லையேல் குஞ்சுகள் உமியையே கொத்தித் தின்னும். வந்தவுடன் முதலில் தருவது தண்ணீர். சிறிது வெல்லம் கரைத்தல் நலம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் இட்டால் குஞ்சு விழுந்து நனையாது. உமி ஈரமானால் அன்றே மாற்றுக. இரத்தக்கழிச்சல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மற்றொரு பகை இராணிக்கெட் நோய். நாம் வெள்ளைக் கழிச்சல் என்பது இதுவே. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டது. இந்தியாவில் குமாவோன் மலையூர் ஒன்றின் பெயரைப் பெற்றது. வந்தபின் மருந்தில்லை. முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து இடவேண்டும். நாலாம் வாரத்தில் மறுமுறை. இங்கே 'பசு ஆஸ்பத்ரெ' என்னும் பலகையைக் கண்டு, பசுவுக்கு மட்டுமே என எண்ணித் திரும்பிவிட வேண்டா. கன்னடத்தில் பசு என்றால் கால்நடை அனைத்தும்.

நாலு வாரத்தில் இறகு நிரம்பிவிடும். அதன்பின் வெயில் ஏறியதும் வெளியில் விடலாம். பருந்துக்கும் காகத்திற்கும் அஞ்சி மேலே வலை கட்டுக. மாலையில் கூட்டிற்குத் திரும்ப அவற்றிற்குத் தெரியாது. சில நாட்கள் நாமே பிடித்து அடைக்கவேண்டும். கம்பிவலையின் அடிவிளிம்பை அரையடி மண்ணுள் புதைக்க மறவாதீர். பெருச்சாளியும் கீரியும் கீழ்வழியாகத்தான் வரும்.