வேலை செய்யும் கொழுப்பும் வெட்டிக் கொழுப்பும்

மலாய் மொழியில் ‘லெமாக்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கொழுப்பு என்பது ஒன்று. தேங்காய்ப்பால் நாக்கில் விட்டுச் செல்லும் செழுஞ்சுவை இன்னொன்று. தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோற்றுக்கு ‘நாசி லெமாக்’ என்று பெயர் வந்தது அப்படித்தான். கொழுப்பும் ருசியும் ஒரே சொல்லில் குடியிருக்கும் சமையலில் போய் ‘கொழுப்பைக் குறையுங்கள்’ என்றால், ‘ருசியைக் குறையுங்கள்’ என்றுதான் காதில் விழும். ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, அங்கே வயது வந்தோரில் பாதிப் பேர் அதிக எடை உள்ளவர்களாக இருந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இதற்காகக் கோழிக்கறியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. ஆனால் விருந்துக் கறி வாரநாள் கறியாகும்போது அதிலுள்ள கொழுப்பைக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். பார்த்தால் ஒன்று புலப்படும்: சட்டியிலுள்ள கொழுப்பு முழுவதும் ருசிக்காக உழைப்பதில்லை. கொஞ்சம் வேலை செய்கிறது. மிச்சம் வெட்டியாகக் கிடக்கிறது. வெட்டியாக இருப்பதை எடுத்தாலே கறி லேசாகிவிடும்.

‘காரி ஆயாம்’ என்னும் மலாய்க் கோழிக்கறி தமிழருக்கு அந்நியமானதல்ல. கறிவேப்பிலைக்கே அங்கே ‘டாவுன் காரி’, அதாவது கறி இலை என்றுதான் பெயர். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஊறவைத்த மிளகாய் சேர்த்து அரைத்த விழுதை ‘ரெம்பா’ என்கிறார்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ நான்குக்கும் ‘நான்கு தோழர்கள்’ என்று செல்லப்பெயர். இவற்றைத் தாளித்து, விழுதையும் மசாலாத்தூளையும் வதக்கி, கோழியும் உருளைக்கிழங்கும் போட்டுத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கிறார்கள். ஆக, கொழுப்பு மூன்று வழியில் வருகிறது: எண்ணெய், கோழித்தோல், தேங்காய்ப்பால். ஐந்து பேருக்கு ஒரு கிலோ கோழி, 4 மேசைக்கரண்டி எண்ணெய், 400 மில்லி கெட்டிப்பால் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயில் சுமார் 55 கிராம் கொழுப்பு. கெட்டிப்பாலில் 100 மில்லிக்கு 20 கிராம் என்றாலும் 80 கிராம்; அதாவது ஆளுக்கு 16 கிராம். தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. நாளுக்கு 2,000 கலோரி உண்பவர் நிறைகொழுப்பை 22 கிராமுக்குள் நிறுத்தவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தேங்காய்ப்பால் ஒன்றே அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒருவேளைச் சாப்பாட்டில் தீர்த்துவிடுகிறது.

எண்ணெயே இல்லாமல் சமைத்தால் என்ன என்று கேட்கலாம். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ரெம்பா வதங்கி எண்ணெய் தனியே கசியும் பதத்தை மலாய்க்காரர்கள் ‘பெச்சா மிஞாக்’ என்கிறார்கள். நம் வீட்டு அடுப்படியில் ‘எண்ணெய் பிரியட்டும்’ என்பதும் அதே பதம்தான். விழுதிலுள்ள நீர் வற்றினால்தான் வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டும். அப்போதுதான் பச்சை வாடை போய் வெங்காயம் சிவக்கும். மிளகாயின் காரமும் நிறமும் மஞ்சளின் நிறமும் நீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. ஆகவே இது வேலை செய்யும் கொழுப்பு. இதை ஒழித்தால் கறி அல்ல, காரமான கஞ்சித்தண்ணீர்தான் மிஞ்சும். ஆனால் அந்த வேலைக்கு 4 கரண்டி வேண்டாம், 2 போதும். விழுதைத் தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்து, மசாலாத்தூளைக் குழைத்துச் சேர்த்து, சிறு தீயில் கிளறவேண்டும். அடிபிடித்தால் எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளிக்கலாம். நேரம் கூடும், எண்ணெய் குறையும். கறி வெந்தபின் மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பது இதைவிடச் சுலபம்தான். ஆனால் மணமும் நிறமும் கரைந்திருப்பது அந்த எண்ணெயில்தான். வழித்தால் அவையும் சேர்ந்து போய்விடும்.

தோல் விஷயத்தில் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. கொதிக்கும் குழம்பில் தோல் மொறுமொறுப்பாவதில்லை. தன் கொழுப்பை உருக்கிவிட்டுத் தொளதொளவென்று கிடக்கும். பச்சைத் தொடைக்கறியில் தோலோடு 100 கிராமுக்குச் சுமார் 16 கிராம் கொழுப்பு. உரித்துவிட்டால் 4 கிராம்தான். தோலை விட்டாலும் எலும்பை விடக்கூடாது. குழம்புக்கு உடம்பு தருவது எலும்பும் மூட்டும். கொழுப்பு இன்னும் குறைவு என்பதற்காக நெஞ்சுக்கறிக்கு மாறினால், அரைமணி நேரக் கொதியில் அது சக்கையாகிவிடும்.

தேங்காய்ப்பாலைக் குறைக்கும் வழி மலாய்ச் சமையலுக்குள்ளேயே இருக்கிறது. தேங்காயைத் துருவிப் பிழிந்த காலத்தில், தண்ணீர் விட்டுப் பிழிந்த நீர்த்த பாலில் கோழியை வேகவிட்டு, முதலில் பிழிந்த கெட்டிப்பாலைக் கடைசியில் ஊற்றினார்கள். பெட்டிப்பால் வந்தபின் அந்த வரிசை குலைந்து, எல்லாம் ஆரம்பத்திலேயே சட்டிக்குள் போகிறது. கோழி வேக வெறும் தண்ணீரே போதும். தட்டிப்போட்ட எலுமிச்சைப்புல் மணம் கொடுக்கும், உருளைக்கிழங்கில் இரண்டு துண்டை மசித்தால் குழம்பு கெட்டியாகும். இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு 120 மில்லி கெட்டிப்பால் விட்டால் அதன் மணம் மேலாக நின்று நாக்கில் முதலில் படும். எண்ணெயும் பாலும் சேர்ந்து 135 கிராமாக இருந்த கொழுப்பு இப்போது ஏறக்குறைய 50 கிராம். செழுமை குறைந்ததை உப்பால் ஈடுகட்டத் தோன்றும். அதற்குப் பதில் கொஞ்சம் புளிக்கரைசல் விடுவது நல்லது.

தேங்காய் இயற்கை உணவுதானே, தாத்தா பாட்டி சாப்பிடவில்லையா என்பார்கள். சாப்பிட்டார்கள், வயலிலும் கடலிலும் உழைத்தார்கள். கம்போங் எனப்படும் கிராமங்களில் கோழி அடித்தது பெருநாளுக்கும் கெண்டூரி விருந்துக்கும்தான். தேங்காய்க் கொழுப்பு மற்ற தாவர எண்ணெய்களைவிடக் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் என்பதை இயற்கை என்ற சொல் மாற்றிவிடாது. தேங்காய்ப்பாலுக்குப் பதில் மாட்டுப்பாலோ தயிரோ ஊற்றலாமே என்பது அடுத்த யோசனை. ஊற்றலாம், கொழுப்பும் குறையும். ஆனால் தயிர் ஊற்றினால் சுவை வடஇந்தியக் குருமாப் பக்கம் சாய்ந்துவிடும். மாற்றுப் பொருளை அரைலிட்டர் ஊற்றுவதைவிட, உரிய பொருளை அரைக்கிண்ணம் ஊற்றுவதே மேல்.

சட்டியில் மிச்சம்பிடித்ததைத் தட்டில் தொலைத்துவிடவும் கூடும். தமிழ் முஸ்லிம்கள் பினாங்கில் காவடித்தண்டில் சுமந்து விற்றுப் பேர் பெற்ற நாசி கண்டார் கடைகளில் ‘பாஞ்சிர்’ என்று கேட்டால், சோறு மூழ்கக் குழம்பு ஊற்றுவார்கள். அந்தச் சொல்லுக்கு வெள்ளம் என்று பொருள். குழம்பு லேசானதென்று வெள்ளம் விட்டால் அதைப் பின்தொடர்ந்து சோறும் கூடும். ஒரு கிண்ணம் சோறு 200 கலோரி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு கறி அல்லது மீன், அரைப் பங்கு காய்கனி என்பது மலேசிய சுகாதார அமைச்சின் பரிந்துரை. அந்த அரைப் பங்கை நிரப்ப வெளியே தேடவேண்டியதில்லை. மலாய்ச் சாப்பாட்டில் ‘உலாம்’ என்று பச்சையாகவே உண்ணும் இலைகளும் காய்களும் உண்டு: வல்லாரை, சிறகவரை, வெள்ளரி. கறி கனமாக இருக்கும்போது ஓரத்தில் ஒதுங்கிக்கிடந்த உலாமுக்கு, கறி லேசானால் தட்டில் இடம் கிடைக்கும்.