லீன் சொற்கள்: ஒரு நூல்மில் அகராதி

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு 'கான்பான்' என்ற சொல் பழக்கம்தான். அதோடு வரும் கைசன், முடா, ஜிடோக்கா எல்லாம் டொயோட்டா கார் தொழிற்சாலையில் பிறந்தவை என்று நினைப்போம். இவற்றில் ஜிடோக்காவின் வேர் தறியில் இருக்கிறது. எங்க அய்யலூர், வேடசந்தூர் பக்கம் மில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாப் புரியும்.

1924-ல் சகிச்சி டொயோடா ஒரு தானியங்கித் தறியை உருவாக்கி முடித்தார். பாவு நூல் ஒன்று அறுந்தாலும் அது தானாகவே நின்றுவிடும். 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அதன் காப்புரிமையை வாங்கியது. கார் கம்பெனி தனியாகத் தொடங்கியது 1937-லதான். பின்னாளில் டொயோட்டா உற்பத்தி முறையை வடிவமைத்த தைச்சி ஓனோவும் 1932-ல் முதலில் சேர்ந்தது அவர்களுடைய நூற்பு, நெசவு கம்பெனியில். 'லீன்' என்ற பெயர் 1988-ல் ஜான் கிராஃப்சிக் வைத்தது.

இனி சொற்களுக்கு வருவோம்.

ஜிடோக்கா: தப்பு நடந்தால் மிஷின் தானே நிற்பது. டிராயிங்கில் ஸ்லைவர் அறுந்தால் மிஷின் நிற்கிறதே, அதுதான்.

அண்டோன்: எங்கே பிரச்சினை என்று காட்டும் விளக்கு. ஆட்டோகோனரில் ஆள் வரவேண்டிய இடத்தில் எரியும் விளக்கு இந்த வகை.

கான்பான்: அடுத்த பகுதி கேட்டால் மட்டும் செய் என்று சொல்லும் அட்டை. மொத்தம் இத்தனை கேன்தான் என்று வைத்துவிட்டால், காலி கேன் திரும்பி வந்தால்தான் டிராயிங் ஓட முடியும். அப்போ காலி கேனே கான்பான்.

முடா: வீண். ஓனோ இதை ஏழாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, அளவுக்கு மீறிய வேலைப்பாடு, தேங்கிய சரக்கு, வீண் அசைவு, பழுது.

முரா: சீரில்லாமை. முரி: ஆளோ மிஷினோ தாங்காத சுமை.

கைசன்: வேலை செய்கிறவரே தினமும் செய்யும் சின்னச் சின்னத் திருத்தம்.

இப்போ ரிங் ஃபிரேமுக்கு வாங்க. அதில் நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள். ஒரு நூல் அறுந்தால் ஃபிரேம் நிற்காது. அந்த ஸ்பிண்டிலுக்கு வரும் பஞ்சு உறிஞ்சுகுழாயில் கழிவாகப் போகும். சைடர் நடந்து வந்து நூலைப் பிணைக்க வேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று அவருக்கு இன்னும் ரெண்டு சைடு கூடுதலாகக் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் நடக்கும் நடை முடா. ஒரு நேரம் சும்மா, ஒரு நேரம் ஓட்டம் என்றால் முரா. ஷிஃப்ட் முடியும்போது கால் வீங்கினால் முரி. மூன்றையும் கூட்டிவிட்டு அதற்கு லீன் என்று பெயர் வைப்பதுதான் பிரச்சினை.

ஓனோ வழி வேற. ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்கச் சொல்வார். நூல் ஏன் அறுகிறது? டிராவலர் தேய்ந்திருக்கா? ஏன் மாற்றவில்லை? காற்றில் ஈரப்பதம் குறைவா? பஞ்சுக் கலவை சரியில்லையா? அறுப்பு குறைந்தால் நடை தானாகக் குறையும், கழிவும் குறையும். அப்புறம் சைடு கூட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

ஒரு மில்லில் லீன் இருக்கா என்று பார்க்க, சுவரில் ஒட்டிய ஜப்பானியச் சொற்களைத் தேட வேண்டாம். அன்னைக்கு நூல் ஏன் இவ்வளவு அறுந்தது என்று யாராவது அந்த சைடர் அக்காவிடம் கேட்டாங்களா என்று பாருங்க.