காக்கையின் சிக்கனம் நமக்கு ஆகாது!

மொட்டை மாடியில் காயப்போட்ட புதுப் புடவையில் காக்கை எச்சமிட்டுவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? கோபம் தணிந்த பிறகு அந்தக் கறையைச் சற்று உற்றுப் பாருங்கள். நடுவில் கறுப்பாக இருப்பதுதான் மலம். சுற்றிலும் சுண்ணாம்பு போல் இருக்கிறதே, அதுதான் காக்கையின் சிறுநீர்! சுவரோரம் பல்லி போட்டுவிட்டுப் போவதன் நுனியில் வெள்ளைப் பொட்டு ஒன்று இருக்குமே, அதுவும் இதே சமாசாரந்தான்.

சிறுநீர் ஏன் கட்டியாக வரவேண்டும்? விடை தெரிய, போரூரை அடுத்த ஐயப்பன்தாங்கலுக்கு வாருங்கள். 'தாங்கல்' என்றாலே சிறிய ஏரி என்று பொருள். பக்கத்தில் போரூர் ஏரி வேறு. நீரில் வாழ்வதும், கரையில் வாழ்வதும், மாடியில் வந்து உட்காருவதும் இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

எந்த ஜீவனானாலும் சரி, உண்ட புரதம் உடம்பில் செலவாகும்போது அம்மோனியா என்ற விஷம் மிஞ்சுகிறது. ஏரி மீனுக்குக் கவலையில்லை. சுற்றிலும் தண்ணீர், செவுள் வழியாக அதை அப்படியே கரைத்து விட்டுவிடுகிறது. தவளை இருக்கிறதே, பலே கெட்டிக்காரி! தலைப்பிரட்டையாக இருக்கும்வரை மீனைப் போல அம்மோனியாவாக விடும். கால் முளைத்துக் கரையேறியதும் நம்மைப் போல யூரியாவுக்கு மாறிவிடும். காக்கைக்கும் பல்லிக்கும் முட்டைக்குள்ளேயே சோதனை ஆரம்பம். மூடிய ஓட்டுக்குள் வளரும் குஞ்சு கழிவை எங்கே கொட்டும்? எளிதில் கரையாத யூரிக் அமிலமாக்கி ஓரமாக ஒதுக்கி வைக்கிறது. வெளியே வந்த பிறகும் அந்தச் சிக்கனம் போவதில்லை.

நமக்கு அந்த வசதி கிடையாது. கல்லீரல் தயாரிக்கும் யூரியா வெளியேறத் தண்ணீர் வேண்டும். சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, ஏறக்குறைய எல்லாவற்றையும் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவில்தான் வெளியே அனுப்புகின்றன. எந்த இல்லத்தரசி இத்தனை சிக்கனம் பிடிப்பாள்? இன்னும் குறை என்றால் அவை எங்கே போகும்?

ஆனால் நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் காலையில் பஸ் ஏறும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒதுங்க இடம் கிடைக்குமோ, கிடைத்தாலும் உள்ளே கால் வைக்க முடியுமோ என்ற பயத்தில் காப்பியோடு சரி, தண்ணீரைத் தொடுவதில்லை. மாலைவரை அடக்கிக்கொள்கிறாள். சிறுநீர் கெட்டிப்பட்டு மஞ்சளாகிறது. உப்பு படிந்து கல்லாகலாம். கிருமிகளும் தங்கிப் பெருகும். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதையின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு ஏறக்குறைய 20. ஆகவே கிருமி உள்ளே ஏறுவது நம்மிடந்தான் சுலபம். எரிச்சல் கண்டால் சங்கோசப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குளிர்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் சேர்ந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

பள்ளிக்குப் போகும் உங்கள் பெண்ணின் தண்ணீர்ப் பாட்டில் மாலையில் நிரம்பியபடியே திரும்பி வருகிறதா? குழந்தையைத் திட்டாதீர்கள். பள்ளிக்கூடத்துக் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.