பசிக்கு ஒரு காலண்டர்!

இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் எந்த ஆபீஸ் கேன்டீனுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒண்ணாம் தேதி நெய் ரோஸ்ட் கேட்டவர், "ரெண்டு இட்லி போதும்ப்பா, வயிறு சரியில்லே" என்பார். பக்கத்து சீட்காரர் நம்மைப் பார்த்துச் சிரித்தாலே நெஞ்சு திக்கென்று இருக்கும். கைமாத்துக்கு அடி போடுகிறாரோ? முந்திக்கொண்டு நாமே அவரிடம் கேட்டுவிடுவது உத்தமம்!

நமக்கு மாதக் கடைசி என்பது அஞ்சு நாள் சமாசாரம். சம்பளம் வந்தால் சரியாகிவிடும். அந்த அஞ்சு நாள் மூன்று மாதமாக நீண்டால்? அந்த மூன்று மாதமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை சேற்றில் குனிந்து வேலை பார்த்தாக வேண்டுமென்றால்? வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருந்தால்?

மழையை நம்பிப் பயிர் செய்யும் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு 'மாதக் கடைசி' உண்டு. போன வருஷத் தானியம் தீர்ந்து, அடுத்த அறுவடை வராத இடைக்காலம். 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. தையில் சம்பா அறுவடை. அப்படியானால் மார்கழி வரை? வழி இல்லை என்றுதானே அர்த்தம்!

இந்தப் பசியை மாதவாரியாக, கிராம் கணக்கில் அளந்து பார்த்த ஓர் ஊர் இருக்கிறது. நம்மூர் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், காம்பியா என்ற குட்டி நாட்டில், கெனிபா என்ற கிராமம்.

பச்சைப் பசேல் பட்டினி

காம்பியா என்பது ஓர் ஆறும் அதன் இரண்டு கரைகளும்தான். மூன்று பக்கமும் செனகல் நாடு. 1949-ல் இயன் மெக்ரெகர் என்ற பிரிட்டிஷ் டாக்டர் மலேரியா போன்ற நோய்களை ஆராய கெனிபாவுக்கு வந்து சேர்ந்தார். யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், குழந்தை எத்தனை கிலோ என்று நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார்கள். அந்தக் கணக்குதான் பிறகு உலகத்துக்கே பாடமாயிற்று.

அங்கே வருஷத்துக்கு ஒரே மழைக்காலம். ஜூனில் ஆரம்பித்து அக்டோபரில் முடியும். ஆண்கள் நிலக்கடலை, கம்பு, சோளம் போடுவார்கள். ஆற்றோரச் சதுப்பு நிலத்தில் நெல் போடுவது பெண்கள் வேலை. அறுவடை முடிந்து வீட்டுக்குத் தானியம் வந்து சேர நவம்பர், டிசம்பர் ஆகிவிடும்.

ஆகஸ்ட் மாதம் அங்கே போனால் ஊரே பச்சைப் பசேல் என்று இருக்கும். போட்டோ பிடித்துக் காலண்டரில் போடலாம். ஆனால் அந்தப் பச்சையில் ஒரு பிடி கூட இன்னும் சோறாகவில்லை. ஊர் ரொம்ப அழகாக இருக்கும் மாதங்கள்தான் வயிறு ரொம்பக் காயும் மாதங்கள்!

'அறுவடையில் விளைந்ததைச் சேர்த்து வைத்தால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். நம் சம்பளத்தையே நாம் சேர்த்து வைப்பதில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அறுவடையன்று வாசலில் முதலில் வந்து நிற்பவர் கடன் கொடுத்தவர். எல்லோரும் ஒரே சமயத்தில் விற்பதால் விலையும் விழுந்து கிடக்கும். அதே தானியத்தை ஆறு மாதம் கழித்து, கூடுதல் விலைக்கு, மறுபடியும் கடன் வாங்கி வாங்க வேண்டும். இது சாமர்த்தியக் குறைவு இல்லை சார். கையில் காசில்லாதவன் மாட்டிக்கொள்ளும் கண்ணி.

அம்மா வயலில், கஞ்சி சட்டியில்

பசி தனியாக வந்தால் கூடச் சமாளித்துவிடலாம். மழைக்காலத்தில் அது இரண்டு கூட்டாளிகளோடு வருகிறது. ஒன்று, வேலை. உழவு, நடவு, களை எல்லாம் அப்போதுதான். இன்னொன்று, நோய். மலேரியாவும் பேதியும் அப்போதுதான்.

நிறைமாத கர்ப்பிணி கூட வயலில் இருப்பார். கர்ப்ப காலத்தில் எடை கூட வேண்டியதற்குப் பதிலாக, இருக்கிற எடையும் கரைவதை கெனிபாவில் பார்த்தார்கள். அம்மா வயலுக்குப் போனால் பால்குடி மறந்துவரும் குழந்தை பாட்டியிடமோ அக்காவிடமோ இருக்கும். காலையில் காய்ச்சிய கஞ்சியைத்தான் நாள் பூரா ஊட்டியாக வேண்டும். மழைக்காலச் சூட்டில் மூன்று நாலு மணி நேரத்தில் அந்தக் கஞ்சியில் கிருமிகள் பெருகிவிடுவதை ஆராய்ச்சியாளர்கள் 1970-களிலேயே கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஊட்டினால் பேதி. ஊட்டாவிட்டால் பட்டினி. அந்தப் பாட்டி என்னதான் செய்வார்?

1997-ல் வந்த ஒரு முடிவுதான் பலரைத் தூக்கிவாரிப் போட்டது. பசிக் காலத்தை ஒட்டிப் பிறந்தவர்களையும் அறுவடைக்குப் பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். சின்ன வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 25 வயதைத் தாண்டியவர்களில், பசிக் காலத்தில் பிறந்தவர்கள் அகாலமாக இறப்பது 10 மடங்கு வரை அதிகமாக இருந்தது! வயிற்றில் இருந்தபோது பட்ட பசி, நோய் எதிர்ப்புச் சக்தியில் கை வைத்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். பிறகு வங்க தேசத்துக் கிராமங்களில் தேடிப் பார்த்தபோது இதே முடிவு வரவில்லை. ஆகவே எல்லா ஊருக்கும் இதுதான் விதி என்று சொல்ல முடியாது. ஆனால் கெனிபாவின் நோட்டுப் புத்தகத்தில் அந்த இளைஞர்களின் பெயர்கள் இருக்கத்தான் செய்தன.

கடலை பிஸ்கட் செய்த காரியம்

சரி, இதற்கு மருந்து என்ன? மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வறுத்த நிலக்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலை எண்ணெய். கிட்டத்தட்ட நம் பெட்டிக் கடைக் கடலை உருண்டைக்கு ஒன்று விட்ட தம்பி!

இதில் பிஸ்கட் செய்து, 28 கிராமங்களில் ஐந்து வருஷம் பரிசோதித்தார்கள். பாதிக் கிராமங்களில், ஐந்தாம் மாதத்திலிருந்து பிரசவம் வரை கர்ப்பிணிகளுக்குத் தினம் இரண்டு பிஸ்கட். ஏறக்குறைய 1,000 கலோரி, 22 கிராம் புரதம். மற்ற கிராமங்களையும் சும்மா விடவில்லை. அங்கே பிரசவத்துக்குப் பிறகு கொடுத்தார்கள்.

முதல் பாதிக் கிராமங்களில் குழந்தைகளின் பிறப்பு எடை சராசரியாக 136 கிராம் கூடியது. பசிக் காலத்தில் மட்டும் பார்த்தால் 201 கிராம். எடை குறைவாகப் பிறப்பது 39 சதவிகிதம் குறைந்தது. இறந்து பிறப்பதும், பிறந்த ஒரு வாரத்துக்குள் இறப்பதும் ஏறக்குறைய பாதியாயின. ஒரு பிஸ்கட்டுக்கு இதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் யார் கொடுக்க முடியும்?

பிறந்த குழந்தைகள் விஷயத்திலும் கெனிபா ஒரு பாடம் சொன்னது. பசிக் காலத்தில் முதலில் நிற்பது எடை. அப்படி இளைத்த குழந்தைக்கு, இரண்டு மூன்று மாதம் கழித்து உயரமும் தடுமாறுகிறது. எடையைத் திரும்பப் பிடித்துவிடலாம். விட்ட உயரத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம். 'நோஞ்சான்' என்று நாம் கேலி செய்கிற ஆள், இரண்டு வயதுக்குள் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டி வந்தவராக இருக்கக் கூடும்.

எடை நின்ற உடனே கவனிக்க வேண்டும் என்ற சூத்திரத்தை நம் மதுரைக்காரர்கள் எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் ஆரம்பமாயிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதா மாதம் தராசில் தூக்கி வைத்தார்கள். எடை ஏறவில்லையா? உடனே 90 நாள் சத்துணவு லட்டு. ஏறிவிட்டதா? லட்டு நிறுத்தம். கடுமையான ஊட்டக் குறைவு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கியது.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் நிலைமை வேறு. ரேஷனில் 2011-லிருந்து இலவச அரிசி. குதிர் காலியானாலும் உலை கொதிக்கிறது. ஆனால் கையில் காசு வறண்ட மாதங்களில் முதலில் காணாமல் போவது அரிசி இல்லை; பருப்பும் முட்டையும் பாலும்தான். பெரியவர்கள் ரசம் சோற்றில் ஓட்டிவிடலாம். ஒன்றரை வயதுக் குழந்தையின் வயிறு கைப்பிடி அளவு. அதில் வெறும் சோற்றைப் போட்டால் வயிறு நிரம்பும், உடம்பு வளராது.

கெனிபாவிலும் முன்னேற்றம் உண்டு. இலவச ஆஸ்பத்திரி, நல்ல தண்ணீர், தடுப்பூசி எல்லாம் வந்து, வயதுக்கேற்ற உயரமில்லாத இரண்டு வயதுக் குழந்தைகள் 57 சதவிகிதத்திலிருந்து 30 ஆகக் குறைந்தார்கள். அதற்கு ஏறக்குறைய 40 வருஷம் பிடித்தது. இத்தனைக்குப் பிறகும் மூன்றில் ஒரு குழந்தை!

வெள்ளம், பூகம்பம் சொல்லிவிட்டு வருவதில்லை. இந்தப் பசி சொல்லிவிட்டுத்தான் வருகிறது. எந்த மாதம் வரும், யார் வீட்டுக்கு முதலில் வரும் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். அதனால் கஜானாவில் காசு இருக்கும்போது கொடுப்பது உதவாது. குதிர் காலியாகும் முன்னே போய்ச் சேர வேண்டும். அதுவும் முதலில் அம்மாவுக்கு.

நம்மில் பாதிப் பேர் ஊரில் நிலமும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அண்ணனும் உள்ள ஆசாமிகள். பொங்கலுக்குக் கரும்பும் புதுத் துணியுமாகப் போய் இறங்குகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் அப்போது வீட்டில் நெல் இருக்கும். கார்த்திகையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அடைமழை, நசநசவென்று இருக்கும், பஸ் ஒழுகும். பரவாயில்லை. அண்ணி முழுகாமல் இருக்கிறார் என்றால், கையில் இரண்டு கிலோ கடலை உருண்டையும் ஒரு அட்டை முட்டையும் இருக்கட்டும்.

மாதக் கடைசியாக இருந்தால்? பக்கத்து சீட்காரர் இருக்கவே இருக்கிறார். சிரித்துக்கொண்டே கேளுங்கள்!