டரட் பிரஸ் வாங்கலாமா? முதல்ல கணக்கைப் போடுங்க!

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்கள். அதற்கான கருவிதான் பிரஸ்.

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு அச்சுதான். எல்லாக் கூட்டுக்கும் ஒரு வேலையை முடிச்சிட்டு, அச்சை மாத்தணும். டரட் பிரஸ்ஸில் பல அச்சுகள் சுழலும் தலையிலேயே இருக்கும். தலையைத் திருப்பினால் போதும். விலைதான் கூடுதல்.

உதாரணத்துக்கு, சிங்கிள் ஸ்டேஜ் செட் 180 டாலர், டரட் செட் 300 டாலர்னு வச்சுக்குவோம். ஒரு தோட்டாவில் 15 சென்ட் மிச்சம்னா, போட்ட காசை எடுக்க முதலாவதுக்கு 1,200 தோட்டா, இரண்டாவதுக்கு 2,000.

இங்கதான் பலர் ஏமாறுறாங்க. தோட்டாவுக்கு மிச்சமாகும் காசு ரெண்டிலும் ஒண்ணுதான்! கூடுதல் 120 டாலர் வாங்கித் தருவது நேரத்தை மட்டும். மாசம் 200 தோட்டா நிரப்புறவருக்கு 2 மணி நேரம் மிச்சம்னா, முதல் வருஷத்தில் ஒரு மணி நேரத்தின் விலை 5 டாலர். மாசம் 50 மட்டும்னா அதுவே 20 டாலர். அவருக்கு சிங்கிள் ஸ்டேஜே போதும்.

ஆனா, மருந்து எடை பார்க்கும் தராசில் சிக்கனம் வேண்டாம். அளவு தப்பினால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

இன்னொண்ணு: இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நமக்கு வேண்டியது இந்தக் கணக்கு மட்டும். அடுத்த முறை விலை கூடுன மாடலைப் பார்த்தா கேளுங்க: மிச்சமாகுறது காசா, நேரமா?